மலையில் வீடு பார்த்தல்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

என் தமக்கைக்குச் சென்ற ஆண்டு கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் செவிலியர் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் மலையேறிக் குடியிருக்கப் போகும் முதல் ஆள் அவள்தான். வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. புறப்படும்போது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "மலை மேலன்னா வெள்ளம் வராது இல்ல, அது போதும்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையும் மலட்டாறும் கரை மீறிய அந்த இரண்டு நாட்களைத் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தார் எவரும் மறக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு நீர். அடுக்குப் பானைகளும் என் முதலாண்டுப் புத்தகங்களும் ஒன்றாக மிதந்தன. ஆனால் அதே மழையில், அதே டிசம்பர் முதல் நாளன்று, திருவண்ணாமலையில் மலையடிவார வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீடுகளின் மேல் சரிந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். கீழே வெள்ளமாக வந்த நீரே மேலே மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. சமவெளியில் வீடு பார்ப்பவர் 'தண்ணீர் எங்கே தேங்கும்?' என்று கேட்கிறார். மலையில் 'தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?' என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி எனக்குப் பிடிபடவே மூன்று நாட்கள் ஆயின.

முதலில் பார்த்த வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சாலையை ஒட்டித் தட்டான இடம்; பக்கத்தில் வறண்ட சிற்றோடை; வாடகையும் குறைவு. முன்பணம் கொடுக்கக் கைப்பையைத் திறந்தாள் அக்கா. எதிர்த் தேநீர்க் கடைக்காரர்தான், "தம்பி, இந்த வீட்டை ஐப்பசியில வந்து பாத்தீங்களா?" என்றார். நாங்கள் போயிருந்தது வைகாசியில்.

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலங்கள். மேற்கே கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் பல இடங்களில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1978, 1979ஆம் ஆண்டுகளிலும் இம்மாவட்டம் பெரிய சரிவுகளைக் கண்டிருக்கிறது. ஆகவே வைகாசியில் வீடு பார்ப்பவர் பாதி வீட்டைத்தான் பார்க்கிறார்.

சரிவு ஏன் நிகழ்கிறது? மழையில் மண் வழுக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு விடையன்று. சாய்தளத்தில் வைத்த பொருளைப் பற்றி நாம் முதலாண்டில் படித்திருக்கிறோம். பொருளின் எடையில் ஒரு கூறு அதைக் கீழே இழுக்கிறது. மற்றொரு கூறு தளத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்கு ஏற்ப உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது. மண்ணின் இண்டு இடுக்குகளில் நீர் நிறைந்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மண்ணின் எடை கூடுகிறது. உள்ளே அடைபட்ட நீர் எல்லாப் பக்கமும் அழுத்தி, மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று சற்றே தூக்கிவிடுகிறது. அதனால் உராய்வு குறைகிறது. இழுக்கும் விசை கூடிப் பிடிக்கும் விசை குறையும் அந்தக் கணத்தில் மலை நகர்கிறது. இதிலிருந்து தெரிவது என்ன? மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மண்ணுக்குள் இறங்கிய நீர் வடிய வழி இருக்கிறதா என்று பார்க்க நம்மால் ஆகும்.

மலையில் தட்டான இடத்தைக் கண்டால் மகிழாதீர்கள், நண்பர்களே! அது எப்படித் தட்டாயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலும் பின்புறச் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி நிரப்பித்தான் மனை செய்கிறார்கள். அப்படியானால் வீட்டின் பின்பாதி கெட்டி மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய மண் மெல்ல அமரும். அப்போது சுவரில் குறுக்குவாட்டில் வெடிப்பு விழும். கதவு சட்டத்தில் மாட்டிக்கொண்டு மூடாது. பின்புறமோ செங்குத்தாக வெட்டிய மண் நம் படுக்கையறைக்கு இரண்டடி தூரத்தில் நிற்கும். அங்கே தடுப்புச் சுவர் இருந்தால் மட்டும் போதாது. அதில் நீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும். துளையில்லாத தடுப்புச் சுவர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது மண்ணோடு நீரையும் சேர்த்துத் தாங்கியாக வேண்டும். அடுத்து, மேலே நிற்கும் மரங்களையும் மின்கம்பங்களையும் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மண் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலும் ஆபத்தே.

எங்கள் வறண்ட சிற்றோடைக்கு வருவோம். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களைப் புதைத்தது தலைக்கு மேலிருந்த சரிவு அன்று. வெகு மேலே பெயர்ந்த மண் ஓடை வழியே பல கிலோமீட்டர் ஓடிவந்து கரையோரத்து வீடுகளை வாரிச் சென்றது. ஓடைக்கரைத் தட்டு நிலங்களுள் பல, முன்னொரு காலத்தில் இப்படி வந்து இறங்கிய மண்ணே. எனவே வீட்டைச் சுற்றிப் பார்த்தால் மட்டும் போதாது; ஓடை எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்தும் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்த்தோம். மேலே மரங்களை வெட்டிப் புதிதாகச் சாலை போட்டிருந்தார்கள். அக்கா கைப்பையை மூடிவிட்டாள்.

நீலகிரி மாவட்ட நிர்வாகம் மழைக்கால இடர் மிகுந்தவை என 283 இடங்களை அடையாளம் கண்டு அறிவித்திருந்தது. வீடு பார்ப்பவர் தரகரிடம் கேட்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பது நல்லது. தரகருக்கு எல்லா இடமும் நல்ல இடம்தான்.

வெயிலைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. நம் ஊரில் வெயில் படாத வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கே வெயில் படும் வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர்; ஆகவே நம்மூரைவிடப் பன்னிரண்டு பாகை குறைவு. மார்கழி நண்பகலில் அங்கே சூரியன் தென்வானில் 55 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. 30 பாகைச் சரிவு தெற்கு நோக்கி இருந்தால் கதிர் ஏறக்குறைய நேராக விழும். அதே சரிவு வடக்கு நோக்கி இருந்தால் 25 பாகைச் சாய்வில் விழும். கணக்குப் போட்டால் வடசரிவுக்குக் கிடைப்பது தென்சரிவில் பாதிக்கும் குறைவு. துணி காயாது, சுவரில் பூஞ்சை ஏறும். பள்ளத்தாக்கின் அடியில் குடியிருப்பதும் குளிரே. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, நீரைப்போல வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. ஊட்டியில் உறைபனி முதலில் தாழ்ந்த புல்வெளிகளில் படிவது இதனால்தான்.

நீர் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகும். பிரஷர் குக்கர் அவசியம். குளிருக்கு அஞ்சி மூடிய அறையில் கரியடுப்பு வைப்பதை மட்டும் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

இவையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேரும் வசதி எல்லாருக்கும் கிட்டவில்லை என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன். கோவை மாவட்டக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் வந்து தங்கினார். பின்னர் ஊட்டி பிடித்துப்போய் அங்கே கல்வீடு கட்டினார். அவர் விரும்பிய இடத்தைத் தேர்ந்தார். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கைத் தோட்டத் தமிழர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது; அதுவே 1976இல் டான்டீ நிறுவனமாயிற்று. தோட்ட வேலை கிடைக்காதவர்களும் பிழைப்புத் தேடி மலைக்கே வந்தார்கள். தெரிந்த தொழில் தேயிலை ஒன்றே அல்லவா! நல்ல இடமெல்லாம் முன்பே வந்தவர்கள் கையில் இருந்தது. மிச்சமிருந்த செங்குத்துச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் அவர்களுள் பலர் குடிசை போட்டார்கள். கூடலூர்ப் பக்கம் ஜன்ம நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வழக்குகளில் சிக்கிய நிலங்களில் குடியேறியவர்கள் பட்டாவுக்காகப் பல்லாண்டு காத்திருந்தார்கள். 'ஏன் அங்கே போய்க் கட்டினார்கள்?' என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கேட்கிறோம். ஓடைக்கரை வீட்டின் வாடகைதான் அதற்கு விடை.

அக்காவுக்கும் அது சுடத்தான் செய்தது. கடைசியில் பார்த்த வீட்டுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடுதல். இரு ஓடைகளுக்கு நடுவே புடைத்து நிற்கும் மேட்டில், படுகர் ஹட்டி ஒன்றின் ஓரத்தில், கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு. அந்த ஹட்டி பல தலைமுறைகளாக அங்கேயே இருக்கிறது. எனக்கு அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிறது. இரவுப் பணி முடிந்து வரும்போது காட்டெருமை நிற்கும் என்று எச்சரித்தார்கள். அதனால் கூட வர ஆள் உண்டா என்று விசாரித்துக்கொண்டோம்.

பொங்கலுக்கு அப்பா போனார். சாலையிலிருந்து வீட்டுக்கு எழுபத்திரண்டு படிகள் என்று எண்ணிச் சொன்னார். மூச்சு வாங்க ஏறியவர் திண்ணையில் உட்காரவில்லை. நேரே பின்புறம் போய்த் தடுப்புச் சுவரின் துளைகளில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, அடைந்திருந்த ஒன்றைத் தோண்டித் திறந்து, அதன் பிறகே குடிக்கத் தண்ணீர் கேட்டாராம்.