அந்தக் குழிகளைத் தேய்க்காதீர்கள்

பிரிட்டிஷ் படையின் 1842-ஆம் ஆண்டு மாதிரி மஸ்கட் துப்பாக்கி ஒன்று பழம்பொருள் விற்பனைக்கு வந்தால், பார்ப்பவர் கண் முதலில் போவது, குழலுக்குள் தீயை விடும் சிறு முனையான நிப்பிளின் பக்கம்தான். ஏறத்தாழ 39 அங்குல நீளக் குழல் பெரும்பாலும் வழவழப்பாக இருக்க, நிப்பிளைச் சுற்றி மட்டும் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருக்கும். பராமரிக்காமல் கெடுத்துவிட்டார்கள் என்று விலையைக் குறைப்பார்கள். வாங்கியவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது பராமரிப்புக் குறை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் துப்பாக்கி சுடப்பட்டது என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி அது.

காரணம், நிப்பிளின் மேல் மாட்டும் சிறு செப்பு மூடியான கேப்பில் இருந்த மருந்து. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். 1834-இல் வூல்விச்சில் நடந்த சோதனையில், 6,000 முறை சுட்டதில் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 முறை தீப்பிடிக்கவில்லை. கேப் துப்பாக்கிகள் தவறியது 36 முறைதான். படை கேப்புக்கு மாற அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தச் செப்பு மூடிக்குள் பாதரச ஃபல்மினேட்டுடன் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தது. வெடிக்கும்போது குளோரேட் தன் ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. நிப்பிளைச் சுற்றியும் சுத்தியலின் குழிவுக்குள்ளும் படிந்து, ஈரக்காற்றில் இரும்பை அரிக்கத் தொடங்கும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவிய சிப்பாயின் துப்பாக்கியிலும், நிப்பிளின் திருகுமரை இடுக்கில் கொஞ்சம் உப்பு தங்கியிருக்கும்.

ஈரமான கிடங்கில் கிடந்தாலும் துரு பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும், ஆனால் அந்தத் துரு இடம் பார்த்துப் பிடிக்காது. குழல் முழுவதும் பரவும், மரத்தோடு உரசும் அடிப்பக்கத்தில் இன்னும் மோசமாக இருக்கும். நிப்பிளைச் சுற்றி மட்டும் குழிகள், அதற்குப் பின்னால் மரம் கருகித் தேய்ந்த தடம், சுத்தியலின் வாயில் அரிப்பு: மூன்றும் சேர்ந்திருந்தால் கிடங்கைக் குறை சொல்ல வழியில்லை. எந்தப் போரில் சுட்டது என்று அவை சொல்லிவிடாது. சுட்டது என்று சொல்லும்.

துருவை அப்படியே விட்டால் இரும்பு தின்னப்பட்டுப் போகாதா என்ற கேள்வி நியாயமானது. தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் தூள் இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் துரு. அதை எண்ணெயும் மென்மையான பித்தளைத் தூரிகையும் கொண்டு எடுத்துவிட வேண்டும். கெட்டியாகப் படிந்த கரும்பழுப்புப் படலத்தை, காற்றில் ஈரம் குறைவான இடத்தில், மெழுகு பூசி விட்டுவிடலாம். உப்புத்தாளால் தேய்த்தால் குழிகளோடு குழலின் சோதனை முத்திரைகளும் மங்கிப்போகும். போனால் திரும்பாது. இந்தக் குழல்கள் பளபளக்கவே செய்யப்பட்டவையும் அல்ல. வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்துப் பழுப்பேற்றித்தான் படைக்குக் கொடுத்தார்கள். வெள்ளிபோல் மின்னும் குழலை அந்தச் சிப்பாய் கண்டதே இல்லை.