பழுது பார்க்கும் கைகளுக்கும் ஒரு பொன்னாடை

ஆண்டு விழா மேடையில் நாம் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அமைச்சர் வந்தால் அவருக்கு, வங்கி மேலாளர் வந்தால் அவருக்கு, நன்கொடை தந்தவருக்கு, தராதவருக்கும் கூட. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விற்ற பொருள் பழுதாகி நிற்கும்போது, பையில் ஸ்பேனரும் திருப்புளியும் போட்டுக்கொண்டு, வேகாத வெயிலில் வந்து நிற்கிறாரே ஒருவர், அவருக்கு யாராவது போர்த்தினார்களா என்று யோசித்தால் சட்டென்று நினைவுக்கு ஒன்றும் வருவதில்லை.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடைப் பையன் மூட்டைக்குப் பின்னால் நின்று ஸ்கோர் பார்ப்பதைத் தவிர வேறு சம்பந்தமும் உண்டு. போகப் போகத் தெரியும்.

மும்பையில் அஷ்ரஃப் சௌத்ரி என்று ஒருவர். 'அஷ்ரஃப் சாச்சா' என்றால் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் தெரியும். உடைந்த மட்டையை ஒட்டிக் கொடுப்பது, எடை கூடின மட்டையை இழைத்துக் கொடுப்பது, கைப்பிடி மாற்றுவது, இவைதான் தொழில். சச்சின் டெண்டுல்கர், விராட் கோலி போன்றவர்களின் மட்டைகள் அவர் பட்டறையில் கிடந்தவை. 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தது. ஆட்டம் நின்றது, ஆட்டம் நின்றதும் மட்டை உடைவதும் நின்றது, வருமானமும் நின்றது. அந்த ஆகஸ்டில் அவர் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் கிடந்த செய்தி பத்திரிகையில் வந்த பிறகு டெண்டுல்கர் உதவினார். உதவியவரை வாழ்த்துவோம். ஆனாலும், கோடிகள் புரளும் ஆட்டத்தில் மட்டையைக் காப்பாற்றிக் கொடுத்தவர், ஒரு சீசன் நின்றால் திண்டாடுகிற நிலையில் இருந்தார் என்பதை வியாபாரிகளான நாம் கவனிக்காமல் விடக்கூடாது.

பெங்களூரில் இன்னொருவர், ராம் பண்டாரி. பீகாரிலிருந்து வந்து தச்சுத் தொழிலில் இருந்தவர், மட்டை மருத்துவர் ஆனார். ராகுல் திராவிட், டெண்டுல்கர் மட்டைகளைச் சரிசெய்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பட்டம் கிடையாது. மரத்தின் ஓட்டத்தைக் கை அறிய வேண்டும், அவ்வளவுதான்.

மட்டை என்பது ஒரே கட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. அடிக்கிற பலகை வில்லோ மரம், கைப்பிடி பிரம்பு. பிரம்பை ஆப்பு வடிவில் சீவி, பலகையில் அதே அளவுக்கு வெட்டிய பள்ளத்தில் இறக்கி, பசை போட்டு இறுக்குகிறார்கள். பந்து மோதும் அதிர்ச்சியைப் பிரம்பு தாங்கிக்கொள்கிறது. இந்த மூட்டில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். அடுத்தது கால்மாடு. ஈரத் தரையில் ஊன்றி ஊன்றி நீர் ஏறி, ஊதி, விரிசல் விடும். பழுது பார்ப்பவர் பழைய பிரம்பைத் துளியும் பலகை சேதப்படாமல் தோண்டி எடுத்துப் புதிய பிரம்பை இறக்குவார். பிறகு நூல் சுற்றி, ரப்பர் உறை மாட்டுவார். ஒரு நூல் கனம் தப்பினாலும் அடிக்கும்போது கை நடுங்கும்.

புது மட்டை வாங்கியவர்கள் பூசுகிற லின்சீட் ஆயில் வேறொன்றுமல்ல, ஆளி விதை எண்ணெய்தான். நம்மில் பலர் ஆளி விதையை அளந்து விற்கிறோம். மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும், மூட்டில் படக்கூடாது, பிறகு மரச் சுத்தியால் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்த வேண்டும். அவசரப்பட்டு எண்ணெயில் ஊற வைத்த மட்டை கனத்துக் கெட்டுப்போகும்.

அளவு விஷயமும் உண்டு. 2017 அக்டோபர் 1 முதல் கிரிக்கெட் விதி மாறியது. மட்டையின் ஓரம் 40 மில்லிமீட்டருக்கு மேலும், நடுத் தடிமன் 67 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கக்கூடாது. அகலம் 108 மில்லிமீட்டர்தான். அச்சுச் சட்டம் ஒன்றுக்குள் மட்டையை நுழைத்துப் பார்க்கிறார்கள். நுழையாத மட்டை ஆட்டத்துக்கு ஆகாது. முத்திரை ஆய்வாளர் வந்து நம் தராசைச் சோதிப்பதும் இதே சங்கதிதானே!

நம் கொங்குச் சீமை மட்டும் இதில் சளைத்ததா? விளையாட்டுக்கான கருவி என்றால் பந்தும் மட்டையும் மட்டுமல்ல, பந்தயக் காரும் உண்டு. கோவையில் கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். பணக்காரர் விளையாட்டாக இருந்ததை நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கும்படி செய்தவர். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். கோவைப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்; அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் ஆறே கார்கள் ஓட, நான்காவதாக வந்தார். ஓட்டியவர் பெயரும் செய்தவர் பெயரும் நமக்குத் தெரியும். ராத்திரி முழுக்க விழித்து எஞ்சினை அவிழ்த்து மாட்டிய கோவை மெக்கானிக்குகளின் பெயர் தெரியாது. பந்தயம் முடிந்த மறுநாளும் அவர்களுக்கு வேலை நாள்தான்.

வெட் கிரைண்டர் கதையும் அதே. 1955இல் கோவை சபாபதி உருவாக்கியது, இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. ஆனால் பெல்ட் மாற்றவும், பேரிங் மாற்றவும், தேய்ந்த கல்லைக் கொத்தவும் ஆள் இருந்ததால்தானே ஒரு தடவை வாங்கிய கிரைண்டர் வீட்டில் தலைமுறை தாண்டி ஓடுகிறது? மாவு விற்கிற நம் அன்பர்களைக் கேட்டால் சொல்வார்கள், விடிகாலை நாலு மணிக்கு கிரைண்டர் நின்றால் கைபேசியில் முதலில் யாரைத் தேடுவார்கள் என்று.

இனி நம் கல்லாவுக்கு வருவோம். மின்னணுத் தராசுக்குள் லோடு செல் என்று ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை மின்சாரம் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. மூட்டையைத் தொப்பென்று போட்டால் அது வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். கிலோவுக்கு 10 கிராம் கூடப் போனால், 100 கிலோ அரிசியைச் சில்லறையில் விற்று முடிக்கும்போது ஒரு கிலோ நம் கையை விட்டுப் போயிருக்கும். குறையப் போனாலோ, போவது நம் பெயர். நம்பிக்கை போன கடையில் ஈ கூட உட்காராது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறையும், எடைக்கற்களுக்கும் பழைய கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கொரு முறையும் முத்திரை போட வேண்டும். பழுது பார்ப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பழுது பார்த்த பின் மறுமுத்திரை இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. சான்றிதழைக் கடையில் பார்வைக்கு மாட்டி வைக்க வேண்டும். நல்ல தராசுக்காரர் இதையெல்லாம் நமக்கு முன்பே நினைவில் வைத்திருப்பார். தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் ஒரே படிக்கல்லை வைத்துப் பார்த்து, எங்கே வைத்தாலும் ஒரே எண் வருகிறதா என்று நமக்கே காட்டித் தருவார். இந்தச் சோதனையை நாமும் வாரம் ஒரு முறை காலையில் செய்யலாம். இரண்டு நிமிட வேலை.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. மொத்த வியாபாரிக்கு லட்சக்கணக்கில் காசோலை கொடுக்கும் நாம், மெக்கானிக் 300 ரூபாய் கேட்டால் 200 கொடுத்து "அடுத்த தடவை பாத்துக்கலாங்க" என்கிறோம். அந்த 100 ரூபாய்க்கு அவர் மூன்று நடை நடக்கிறார். மூன்றாவது நடையில் பெட்ரோலுக்கே அது போய்விடும். பிறகு அவர் மகன் ஏன் அப்பாவின் பையைத் தோளில் மாட்டுவான்? பலகையைப் பிடுங்கிப் புதிது மாட்டுகிறவன் கிடைப்பான். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிறவர் கிடைக்க மாட்டார். பல இடங்களில் இப்போதே இந்த நிலைதான்.

ஆகவே நாம் முன்வைப்பது இது. வருகிற ஆண்டு விழாவில், 20 ஆண்டுகளுக்கு மேல் நம் வட்டாரக் கடைகளுக்கு வந்து போகும் பழுது நீக்குநர்களை அழைப்போம். தராசோ, கிரைண்டரோ, குளிர்பதனப் பெட்டியோ, விளையாட்டுச் சாமான் கடைக்கு வருகிற கம்பெனி சர்வீஸ்காரரோ, யாராக இருந்தாலும் சரி. பொன்னாடையோடு பண முடிப்பும் இருக்கட்டும். பொன்னாடையை விற்று மருந்து வாங்க முடியாது. அன்றைய தினம் பழைய பாக்கி எதுவும் அவருக்கு நம் கடையில் நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

பெயர்களைப் பரிந்துரைக்க விரும்புவோர் கிளைச் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவரது முழுப்பெயர், ஊர், எத்தனை ஆண்டாகத் தொழில் செய்கிறார், உங்கள் கடையில் எந்த இயந்திரத்தை எப்போது காப்பாற்றிக் கொடுத்தார் என்பதை ஒரு தாளில் எழுதினால் போதும். முழுப்பெயர் தெரியாவிட்டால் அடுத்த முறை அவர் வரும்போது ஒரு காப்பி கொடுத்துக் கேட்டு எழுதுங்கள்.