மருந்து போட்டும் போகாத தெள்ளுப்பூச்சி... நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் தவறு எங்கே நடக்கிறது?

நாயைக் குளிப்பாட்டியாச்சு. கடையில் வாங்கிய பவுடரையும் தூவியாச்சு. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பார்த்தால் அதே நாய் திண்ணையில் உட்கார்ந்து பின்னங்காலால் காதைப் பிராண்டிக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரை ஈரம் காயாத நாட்களில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் நாய், பூனை வளர்ப்பவர்களின் வழக்கமான புலம்பல் இது. "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் மருந்து ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். நாயின் மேல் இருந்த பூச்சி செத்திருக்கும். இப்போது நாயின் மேல் இருப்பது புதிய பூச்சி. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

தெள்ளு வேறு, உண்ணி வேறு

நம் ஊரில் நாயின் உடம்பில் ஊர்கிற எல்லாவற்றுக்கும் "உண்ணி" என்ற ஒரே பெயர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு உயிர்கள். உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் பல்லைப் பதித்ததுபோல் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை மாதிரி உப்பிக்கொள்ளும். குதிக்காது. தெள்ளுக்கு ஆறு கால், றெக்கை கிடையாது. எள் அளவுதான் இருக்கும், செம்பழுப்பு நிறம். இரண்டு பக்கமும் அழுத்திவிட்ட மாதிரி தட்டையான உடம்பு என்பதால் முடிக்குள் சரசரவென்று ஓடும். பிடிக்கப் போனால் குதித்துவிடும். 2, 3 மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, ஒரு தாவலில் சுமார் 20 சென்டிமீட்டர் போகும்.

கண்ணில் படாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் நாயின் வால் அடிப்பகுதியிலும் முதுகிலும் சீவுங்கள். கறுப்பு மிளகுப்பொடி போல் ஏதாவது உதிர்ந்தால் அதை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் போடுங்கள். அது மண்ணாக இருந்தால் அப்படியே இருக்கும். சுற்றிலும் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் நாயின் ரத்தம்.

கண்ணில் படுவது நூற்றுக்கு ஐந்து

ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த பூச்சியாக நாயின் மேல் இருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கிறது. நாம் பவுடர் போடுவது அந்த 5 சதவீதத்துக்கு மட்டும்.

நாயின் மேல் ஏறிய பெண் தெள்ளு சில நிமிடங்களில் ரத்தம் குடிக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் முட்டையிட ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை. பேன் முட்டை (ஈறு) போல இது முடியில் ஒட்டாது. வழுவழுவென்று இருப்பதால் நாய் உடம்பை உதறும் இடம், படுக்கும் இடம் எல்லாம் உப்புத்தூள் மாதிரி உதிரும். கடலை மூட்டை காலியான பிறகு நாய்க்கு விரித்துப் போட்ட பழைய சாக்கு, வாசற்படியின் அடி, கட்டிலுக்குக் கீழே, வைக்கோல் போரின் நிழல்... நாய்க்குப் பிடித்த இடங்கள்தான் தெள்ளின் பிரசவ வார்டு.

சில நாட்களில் முட்டை பொரிந்து புழு வரும். வெளிச்சம் அதற்கு ஆகாது. சாக்கின் மடிப்பு, தரை விரிசல், மணல் என்று உள்ளே போய்விடும். அங்கே அதற்கு உணவு, வளர்ந்த தெள்ளுகள் கழித்து உதிர்த்த காய்ந்த ரத்தம். தாய் பூச்சி முட்டையையும் சாப்பாட்டையும் சேர்த்தே கீழே போடுகிறது என்று சொல்லலாம்.

இந்தப் புழுவுக்கு ஈரப்பதம் வேண்டும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி அடிக்கும் திறந்த முற்றத்திலும் அது பிழைக்காது. அன்னவாசல், விராலிமலைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் முற்றத்தில் தெள்ளு தங்காததற்கு இதுதான் காரணம். ஆனால் அதே வீட்டின் மாட்டுக்கொட்டகை நிழலிலும் தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மூலையிலும் அது சௌகரியமாக இருக்கும். மழைக்காலம் வந்தால் வீடு முழுக்கவே அதற்கு நிழல்தான்.

மருந்து தொடாத பருவம்

புழு பெரிதானதும் எச்சிலால் நூல் இழைத்து ஒரு கூடு கட்டிக்கொள்ளும். பிசுபிசுப்பான அந்தக் கூட்டின் மேல் மண்ணும் தூசியும் அப்பிக்கொள்வதால் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. தெளிக்கிற எந்தப் பூச்சிக்கொல்லியும் அதற்குள் சரியாகப் போவதில்லை. பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

உள்ளே பூச்சி முழுசாக வளர்ந்த பிறகும் உடனே வெளியே வர வேண்டிய அவசியம் இல்லை. சூழல் சரியாக இருந்தால் மாதக்கணக்கில், ஐந்து மாதம் வரைகூட, கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும். எதற்காக? காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. இவை கிடைத்தால் நொடிகளில் வெளியே வந்து தாவும்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் அதிகம் உள்ள அறந்தாங்கி, ஆலங்குடி பக்கங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. தெருநாய் குட்டி போட்டுவிட்டுப் போன திண்ணையோ, பூனை தங்கிய பரணோ அந்த வீட்டில் இருந்திருந்தால் போதும். மாதங்கள் கழித்துப் பூட்டைத் திறந்து உள்ளே நடந்ததும் முழங்காலுக்குக் கீழே சுருக் சுருக்கென்று கடி விழும். வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை, எங்கிருந்து வந்தது என்று திகைப்பார்கள். அந்தப் பூச்சிகள் காத்திருந்தது முதல் காலடிக்காகத்தான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாயின் மேல் ஏறிவிட்ட தெள்ளு சாதாரணமாக அதை விட்டு இறங்குவதில்லை. நம்மைக் கடிப்பது பெரும்பாலும் தரையில் புதிதாக வெளிவந்தது. ஆகவே கடி விழுகிறது என்று நாயை அடித்துத் துரத்திவிட்டால் கடி அதிகமாகத்தான் ஆகும். ஏறுவதற்கு நாய் இல்லாதபோது மீதமிருப்பது நாம்தானே.

அரிப்போடு முடிகிற விஷயமா?

பெரிய நாய்க்குச் சில தெள்ளுகள் தொந்தரவு மட்டும்தான். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளுக்கு அப்படி இல்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால் ரத்தசோகை வந்து குட்டி செத்தே போகலாம். குட்டியின் ஈறைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. நாலைந்து கடியிலேயே வால் பக்கம், தொடைப் பக்கம் முடி கொட்டிப் புண்ணாகிவிடும். இதைச் "சொறி" என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார்கள்.

தெள்ளு வழியாக வயிற்றுக்குள் போகும் ஒரு நாடாப்புழுவும் உண்டு. உடம்பைக் கடிக்கும்போது நாய் தெள்ளை விழுங்கிவிடும். பிறகு ஆசனவாய்ப் பக்கத்தில் வெள்ளரி விதை, அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருக்கும். நாயோடு புரளும் சின்னக் குழந்தைகள் தவறித் தெள்ளை விழுங்கினால் அவர்களுக்கும் வரலாம். மாத்திரையில் சரியாகக்கூடியதுதான். ஆனால் தெள்ளை ஒழிக்காமல் புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பவும் வரும்.

வீண் பயம் சிலவற்றை விட்டுவிடலாம். தெள்ளுக் கடியால் வெறிநாய்க்கடி நோய் (ரேபீஸ்) பரவாது. தெள்ளு என்றதும் பெரியவர்களுக்குப் பிளேக் ஞாபகம் வரும். தெள்ளு மூலம் பிளேக் பரவுகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் 1898-ல் கராச்சியில் கண்டறிந்தார். ஆனால் அதைப் பரப்பியதில் முதல் குற்றவாளி எலித்தெள்ளு. 2025 ஜனவரி தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத்துறை எச்சரித்த "உண்ணிக் காய்ச்சல்" எனும் ஸ்க்ரப் டைபஸும் நாய்த் தெள்ளால் வருவதில்லை, நாய் உண்ணியாலும் வருவதில்லை. புதர், புல் மண்டிய இடங்களில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சுப் பருவம்தான் அதைப் பரப்புகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கும் காய்ச்சலும் இருந்தால் நாயை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உயிரைப் பறிக்கும் "கை மருந்து"

மாட்டு உண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருக்கும். "ஒரு மூடி ஊத்தி நாயையும் குளிப்பாட்டிடு" என்பார்கள். அளவு தெரியாமல் கலக்குவது நாய்க்கே ஆபத்து. பூனைக்கோ அது விஷம். பெர்மெத்ரின் வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நாய்களுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டதால் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை இறப்பது உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கும் ஒன்று. மருந்து போட்ட நாயை உரசிப் படுக்கும் பூனைக்கும் அந்த ஆபத்து உண்டு.

தவறிப் பட்டுவிட்டால், பூனை நடுங்கத் தொடங்கினால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலந்து கழுவித் துடைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப்போவது நல்லது.

மண்ணெண்ணெய், பினாயில், அந்துருண்டை ஆகியவை பக்கமே போகக் கூடாது. பினாயிலும் பூனைக்கு விஷம்தான். பூண்டு கொடுத்தால் தெள்ளு ஓடிவிடும் என்பதும் வேண்டாத வேலை. பூண்டு, வெங்காயம் நாயின் ரத்த அணுக்களையே சிதைக்கும். ஐவர்மெக்டின் ஊசி ஒன்று போட்டால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தெள்ளை ஒழிக்க அது போதாது. உண்ணிக்கு உதவும் அமிட்ராஸும் தெள்ளுக்கு உதவாது. தெள்ளா, உண்ணியா என்று முதலில் பார்த்துவிடச் சொன்னது இதற்காகத்தான்.

அப்போ என்னதான் செய்வது?

சோப்புக் குளியல் அன்றைக்கு இருக்கும் பூச்சிகளைக் கொல்லும், மறுநாளுக்குப் பாதுகாப்பு தராது. இப்போது கால்நடை மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்து அல்லது ஸ்பிரே. பிடரியில், நாய் நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மேலே முடியில் தடவிவிட்டு அன்று மாலையே குளத்தில் இறக்கினால் காசு தண்ணீரோடு போச்சு. இரண்டாவது, மென்று தின்னும் மாத்திரை. அஃபோக்ஸோலானர் ஒரு மாதத்துக்கு, ஃப்ளூராலானர் 12 வாரத்துக்கு. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-ல் எச்சரித்தது. எடை பார்க்காமல் எதுவும் வேண்டாம். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் அதன்மேல் படவே கூடாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பல மருந்துகள் ஆகாது. பேன் சீப்பால் சீவி, வந்த பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் பத்திரம்.

மருந்து ஒரு தடவையோடு நிற்கக் கூடாது. குறைந்தது மூன்று மாதம். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் ஒரே நேரத்தில். கிராமத்தில் இங்கேதான் கோட்டை விடுகிறோம். நாய்க்கு மட்டும் செலவு செய்வார்கள். பக்கத்திலேயே கட்டியிருக்கும் ஆட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியாவில் நாய்களில் காணப்படும் தெள்ளு வகைகள் ஆடுகளிலும் ஏராளமாக ஏறும், இளங்குட்டிகளை ரத்தசோகையில் தள்ளும். ஆட்டுக்கு எந்த மருந்து, பால், கறிக்கு எத்தனை நாள் இடைவெளி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாய் மருந்தை ஆட்டுக்கு விடக் கூடாது.

மீதி வேலை தரையில். நாய் படுத்த சாக்கை எரித்துவிடலாம், புதுச் சாக்கு பெரிய விலையில்லை. துணி என்றால் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிக் காயப்போடுங்கள். கட்டிலடி, மூலை, விரிசல்களைத் தினமும் கூட்டி, அந்தக் குப்பையை வாசலிலேயே கொட்டாமல் எரிக்கவோ மூடிக் கட்டி அப்புறப்படுத்தவோ வேண்டும். கூட்டுவதில் இன்னொரு லாபம், அந்த அதிர்வில் கூட்டுக்குள் இருக்கும் பூச்சி வெளியே வரும். வந்து, மருந்து கொடுத்த நாயின் மேல் ஏறிச் சாகும். மண் தரையை மெழுகினால் விரிசல்கள் அடைபடும். கொட்டகையில் சுண்ணாம்புத்தூள் தூவுகிறவர்கள், ஈரத்தில் அது கால்களைப் புண்ணாக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் ஸ்பிரே அடிப்பதென்றால் முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் சேர்ந்ததாகக் கேளுங்கள். மீன் தொட்டியை மூடி வையுங்கள், பூனையை வெளியேற்றிவிட்டுத் தரை நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு, மூன்று வாரத்துக்குப் பூச்சி தென்படும். சில நாட்கள் முன்பைவிட அதிகமாகக்கூடத் தெரியும். பழைய கூடுகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். "கேட்கவில்லை" என்று பாதியில் விட்டுவிட்டு வேறு மருந்துக்குத் தாவுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

குட்டி சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மருந்துக்குப் பின் நடுக்கம் வந்தாலோ பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். ஆடு, மாடுகளுக்கான அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மேல் சிகிச்சை தேவைப்பட்டால், கந்தர்வகோட்டை, கறம்பக்குடி பக்கத்தவர்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். போகும்போது சீவி எடுத்த பூச்சி இரண்டை ஒரு சிறிய டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.