கருமையின் மேற்பரப்பு – 9: செஞ்சி வெயிலும் பிரேசில் பனையும்

செஞ்சி மலைப்பாறையில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் கடினம் மோவ் அளவுகோலில் 7 என்பதும், அதன் தூளே இவ்வட்டாரத்தில் கறுப்புக் கார்களுக்கு முதல் எதிரி என்பதும் சென்ற இதழில் சொல்லப்பட்டன. தொடர்ந்து படித்துவருவோருக்கு அவற்றை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. பாலிஷ், மெழுகு, செராமிக் கோட்டிங் ஆகிய மூன்றையும் இவ்வாரமே ஒப்பிட்டு முடிப்பதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் மெழுகின் வரலாறு மட்டுமே பக்கங்களைக் கேட்கும் அளவுக்குச் செறிவாக அமைந்துவிட்டது.

கறுப்பில் மட்டும் கீறல் ஏன் அவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்றைய கார்களில் நிறம் தரும் அடுக்குக்கு மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பிளாஸ்டிக் அடுக்கு பூசப்படுகிறது. பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள அது தலைமுடியைவிட மெல்லியது. நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை மட்டும் அவ்வடுக்கின் மேற்பரப்பு திருப்பியனுப்ப, எஞ்சியது உள்ளே சென்று நிற அடுக்கை அடைகிறது. வெள்ளைக் காரில் அந்த நிற அடுக்கு பெரும்பகுதி ஒளியைச் சிதறடித்து வெளியே அனுப்பிவிடுவதால், கீறல் சிதறடிக்கும் சிறிதளவு ஒளி அந்த வெண்மையில் கரைந்துபோகிறது. கறுப்புக் காரிலோ உள்ளே சென்ற ஒளி முழுதும் விழுங்கப்படுவதால், கண்ணை வந்தடைவது மேற்பரப்பின் ஒளி மட்டுமே, அதில் ஒவ்வொரு கீறலும் வெண்கோடாக எழுந்து நிற்கிறது. கறுப்புப் பெயிண்ட் மற்றவற்றைவிட எளிதில் கீறுபடும் என்று பலரும் நம்புவதற்கு இதுவே காரணம். வெயிலில் சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோலத் தெரியும் வட்டங்களும் வட்டமாக இழுக்கப்பட்ட கீறல்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்கீறல்களுள், அப்பிம்பத்தைச் சுற்றி வளையும் போக்கில் அமைந்தவை மட்டும் ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்ப, அவை ஒன்றுசேர்ந்து வட்டமாகத் தோற்றமளிக்கின்றன.

செஞ்சிக் கோட்டை, மராட்டியர் படைத்தளங்களின் தொகுதியில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் தொண்டூரின் சமணப் படுக்கைகளையும் பார்சுவநாதர் சிற்பத்தையும் காணச் செல்லும் ஒரு கறுப்புக் கார், எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகளின் பின்னே சிறிது தொலைவு ஓடினாலே போதும், பானெட் முழுவதும் சாம்பல்நிறத் தூசி படிந்துவிடும். தொண்டூரில் தமிழ்பிராமி எழுத்துகளை இன்றளவும் அழியாமல் தாங்கிநிற்கும் பாறையின் வன்மையே அத்தூசியின் ஒவ்வொரு துகளிலும் உள்ளது. மறுநாள் காலையில் உலர்ந்த பனியன் துணியாலோ நீண்ட பிடியுள்ள பிரஷ்ஷாலோ அதைத் துடைத்தெடுப்பது நம் ஊர்களில் வண்டியின்மேல் உள்ள அக்கறையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. கறுப்புக் காரில் விழும் கீறல்களில் பெரும்பங்கு அந்த அக்கறையால் விளைவதே. வாங்க வேண்டிய பொருள்களில் முதலிடம், பளபளப்பு தரும் எதற்கும் உரியதன்று; கார அமிலத் தன்மை மிகாத கார் ஷாம்பூ, இரண்டு வாளிகள், மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணிகள் ஆகியவற்றுக்கே உரியது. ஒரு வாளியில் ஷாம்பூ நீரும் மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, தேய்த்த துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்பூவில் நனைத்தால், ஒரு கதவில் எடுத்த மணல் அடுத்த கதவைக் கீறாது. பாத்திரம் துலக்கும் திரவம், பூசியிருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

கீறலைப் போக்கத் தேய்க்கப்படும் ரப்பிங் காம்பவுண்டு குறித்து இங்கே ஒரு குறிப்பு போதும்: அது கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையே கீறலின் அடிமட்டம்வரை தேய்த்தெடுக்கிறது. 50 மைக்ரானே உள்ள அடுக்கில் இதை ஆண்டுதோறும் செய்வது பெயிண்ட்டின் ஆயுளையே செலவழிப்பதாகும்.

இனி மெழுகு. கார் மெழுகு டப்பாக்களின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் கார்னௌபா என்னும் பெயர், வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையினுடையது. தாவரவியலார் கோபர்னீசியா புரூனிஃபெரா என்று வழங்கும் அம்மரமும் தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையும் ஒரே குடும்பத்தில் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் விசிறி ஓலைகளே. தமிழ்நாட்டுக்குப் பனை எப்படியோ அப்படியே பிரேசிலின் செயாரா மாநிலத்துக்குக் கார்னௌபாவும் மாநில மரமாக உள்ளது. மழையற்ற மாதங்களின் வறண்ட காற்றில் ஈரத்தை இழந்துவிடாதிருக்க அம்மரம் தன் ஓலையின்மேல் மெழுகுத் தூளைச் சுரந்து போர்த்திக்கொள்கிறது. அந்த மாதங்களில் ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, தட்டி உதிர்த்த தூளை உருக்கி வடித்தால் மெழுகு கிடைக்கிறது, மரம் சாவதில்லை. விரியாத குருத்தோலையிலிருந்து கிடைக்கும் இளமஞ்சள் மெழுகே முதல் தரம். முற்றிய ஓலையின் மெழுகு நிறம் கறுத்து விலை குறைகிறது.

செஞ்சி வெயிலுக்கு இம்மெழுகு பொருந்துவதற்குக் காரணம் அதன் உருகுநிலை. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடுகிறது; கோடைப் பகலில் நிழலின்றி நிற்கும் கறுப்புத் தகட்டின் வெப்பம் 60 பாகையைத் தாண்டுவது இயல்பு. கார்னௌபா உருகுவதற்கு 82 முதல் 86 பாகை வேண்டும். வெயிலைத் தாங்குவதற்கென்று ஒரு பனை சுரந்தது, வேறொரு கண்டத்தில், வேறொரு பனை நிற்கும் ஊரில், அதே வெயிலை ஒரு காரின்மேல் தாங்குகிறது என்பது இத்தொடருக்காகத் திரட்டியவற்றுள் மிகவும் வியப்புக்குரிய செய்தி.

இம்மெழுகை நம்பித் தொழில் நடத்தியோர் அதன் மூலத்தைத் தேடிச் சென்ற வரலாறும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் நகரில் 1886-இல் மரத்தரை விற்பனையில் தொடங்கி, அத்தரைக்கான மெழுகால் பெயர்பெற்றது ஜான்சன் நிறுவனம். அதன் தலைவர் எச். எஃப். ஜான்சன், கார்னௌபா மரங்கள் வருங்காலத் தேவைக்குப் போதுமா என்பதை நேரில் அறிய, 1935-இல் நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் செயாராவின் தலைநகரான ஃபோர்டலேசாவரை சென்று திரும்பினார். போக வர ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர். அவருடைய மகன் சாம் ஜான்சன், அதே வகை விமானத்தைப் புதிதாகச் செய்வித்து, 1998-இல் தம் மகன்களுடன் அதே வழியில் பறந்தார்.

டப்பாவின்மேல் நூறு விழுக்காடு கார்னௌபா என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது முழுவதும் கார்னௌபாவாக இருக்க இயலாது. தனித்த நிலையில் அது நொறுங்கும் கட்டி என்பதால், எண்ணெயும் கரைப்பானும் மென்மெழுகும் கலந்தாலொழியத் தகட்டின்மேல் பரவாது. கறுப்புக் காருக்கென்று விற்கும் கருநிற மெழுகுகள் நுண்கீறல்களைச் சில வாரங்கள் மறைக்குமேயன்றி நீக்குவதில்லை. ஒரு திருமணத்துக்கு முன்பு பூசிக்கொள்ள அவை தக்கவை, அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது வீண். எந்த மெழுகாயினும் நிழலில், கை வைத்தால் சுடாத தகட்டில், ஒரு நேரத்தில் ஒரு கதவளவு இடத்தில் மெல்லிதாகப் பூசி, வெண்படலமாக மங்கியதும் வேறொரு நுண்ணிழைத் துணியால் எடுத்துவிட வேண்டும். சூடான கறுப்புத் தகட்டில் பூசினால் கரைப்பான் நொடியில் பறந்து, வெள்ளைத் திட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஓரங்களிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் அந்தக் கறை எளிதில் போகாது.

பாறைநிலத்துப் போர்வெல் தண்ணீரில் கரைந்துள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகள், நீர் உலரும் இடத்தில் வெண்வளையங்களாக நின்றுவிடுகின்றன. கறுப்பில் அவை கீறலைவிட மோசமாகத் தெரியும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டியை வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றியெடுப்பதும், கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு நீக்கப்பட்ட கேன் தண்ணீரைப் பயன்படுத்துவதும் இதற்குப் போதிய காப்பு.

செராமிக் கோட்டிங் அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதற்குள் கோட்டிங்குக்கு முன்பணம் கட்ட இருப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: குப்பியின்மேல் உள்ள 9எச் என்னும் அளவு, குவார்ட்ஸுக்கு 7 தரும் மோவ் அளவுகோலைச் சேர்ந்ததன்று. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் பூச்சின்மேல் கீறிப் பார்க்கும் சோதனையைச் சேர்ந்தது அது. எனவே 9எச் என்பது தொண்டூர்த் தூசியை வெல்லும் எண் என்று கடைக்காரர் சொன்னால், இரண்டு அளவுகோல்களையும் அவர் ஒன்றாகக் கொண்டிருக்கிறார் என்று பொருள்.