தப்புக்காரரின் கையைப் பாருங்கள்

மாசி மாதத்தில் இலங்கை மலையகத்தின் அப்புத்தளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் காமன்கூத்தை இப்போது பலரும் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். ஆடும் ரதியும் மன்மதனும் அந்தப் படங்களில் நிறைந்திருப்பார்கள். தப்பு என்னும் தோற்கருவியை அடிப்பவர் ஓரத்தில் வந்து மறைவார். ஆட்டத்தின் வேகமும் நிறுத்தமும் அவர் கையில் இருக்க, கெமரா மட்டும் அங்கே நிற்பதில்லை. இது பெரிய இழப்பு. தப்பின் நுட்பத்தில் பாதிதான் காதுக்கு எட்டும், மீதியைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். இடத்தோளில் தொங்கும் தப்பின் மேல்விளிம்பில் இடக்கை. அதிலேயே நீண்ட மெல்லிய குச்சி. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. தமிழ்நாட்டுப் பறையாட்டக்காரர்கள் இவற்றைச் சிண்டுக்குச்சி, அடிக்குச்சி என்பார்கள். மெல்லிய குச்சி தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது விழும் அடி சட்டென்று அடங்கும். அது விலகியிருந்தால் அதே அடி முழங்கும். கேட்பவருக்கு இரண்டு ஒலிகள். அந்த வேறுபாட்டை உண்டாக்குவது இடக்கை என்பது பார்த்தால்தான் தெரியும். அடிக்கும் முன் தப்பைத் தீயில் காய்ச்சுவதும் வித்தையில் சேர்ந்ததே. அப்புத்தளையின் 1,400 மீற்றர் உயரத்து மூடுபனியில் தோல் ஈரம் குடித்துத் தளரும். எவ்வளவு சூடு போதும் என்பதை அடிப்பவரே அறிவார்.

கைபேசிப் பதிவில் தப்பின் ஒலி கரகரத்துச் சிதைகிறதே, அதை வைத்து எப்படி ரசிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒலியை மட்டும் நம்பியதன் விளைவை ஜாஸ் வரலாறு காட்டுகிறது. 1923இல் கிங் ஆலிவர் குழு இசைத்தட்டுக்கு வாசித்தபோது, பெரிய டிரம் முழங்கினால் பதிவு ஊசி துள்ளிவிடும் என்பதால் குழுவின் டிரம் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்ட வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகளை மட்டும் கேட்டு அவருடைய முழு வாசிப்பை யாராலும் அறிய முடியாது. படம் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். அதற்கும் எல்லை உண்டு: நொடிக்கு 30 படச்சட்டங்கள் எடுக்கும் கெமராவில், நொடிக்குப் பத்து அடி விழுந்தால் ஓர் அடிக்கு மூன்று சட்டங்களே மிஞ்சும். பல கைபேசிகளில் உள்ள மெதுவியக்க வசதியை இதற்குப் பயன்படுத்தலாம்.

படம் பார்த்துத் தப்பு பழக முடியாது என்பதும் உண்மை. குச்சியின் கனத்தைக் கைதான் உணர வேண்டும். ரசிப்பதற்கு அந்தப் பயிற்சி தேவையில்லை. இதைவிட அழுத்தமான மறுப்பு ஒன்று உண்டு. சாவோடும் சாதி இழிவோடும் பிணைத்து வைக்கப்பட்டதால், தப்போடு தம்மைக் காட்டிக்கொள்ளச் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை மீறிப் படம் எடுக்க எவருக்கும் உரிமையில்லை. சம்மதிப்பவரை ஓரத்தில் நிறுத்தாமல், ஓர் அடிமுறை தொடங்கி முடியும்வரை கெமராவை அவர் கைமீதே வைத்து, அவர் விரும்பினால் பெயரையும் சேர்த்து வெளியிட வேண்டும்.