குழந்தையின் எதிர்பார்ப்பு

தாயின் குரல் நெருங்கியதுமே, பால் புகட்டும் முன்பே, சில மாதக் குழந்தையின் அழுகை தணிவதைக் கண்டிருப்பீர்கள். அடுத்து வருவதை அது எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. 1996-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், இடைவெளியின்றி ஒலித்த பொருளற்ற அசைகளை 2 நிமிடம் மட்டுமே கேட்ட 8 மாதக் குழந்தைகள், எந்த அசையை எது தொடரும் என்பதை உணர்ந்துகொண்டன.

மருத்துவமனையில் இந்த ஒழுங்கு குலைகிறது: புதிய முகங்கள், ஊசி, இரவிலும் விளக்கொளி. அப்போது குழந்தை சிணுங்குவதும் தாயை விடாது பற்றுவதும் பிடிவாதம் அன்று. ஊசி போடும் வேளையில் குழந்தையை அணைத்துப் பிடித்துப் பேசுங்கள். வீட்டில் பாடும் தாலாட்டையே வழக்கமான நேரத்தில் பாடுங்கள். பழகியவை சில மாறாதிருந்தால், புதியவற்றை ஏற்பது குழந்தைக்கு எளிதாகும்.

6 மாதம் கடந்தும் ஓசை வரும் திசைக்குக் குழந்தை திரும்பவில்லையெனில், தாமதியாமல் எங்களிடம் கூறுங்கள், செவித்திறனைச் சோதிப்போம்.