ஆணி அடிக்காத கூரை

திருச்சியில் கூரை போடுகிறவனுக்கு மழை பெரிய எதிரி அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். வெயில்தான் வருஷம் முழுக்க வேலை செய்கிறது. பகலில் தகட்டை நீட்டும், ராத்திரியில் சுருக்கும். நீட்டிச் சுருக்கி ஸ்க்ரூ போட்ட துளையைப் பெரிதாக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழி மழைக்கு. "மழை வந்தா ஒழுகுது சார்" என்று போன் செய்கிறவர்கள் உண்டு. வெயிலைக் குற்றம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

நான் துவாக்குடிப் பக்கம் தகட்டு வேலை பழகியவன். 1960களில் பெல் (BHEL) பாய்லர் ஆலை வந்த பிறகு, அதற்கு உதிரி செய்துகொடுக்க முளைத்த பட்டறைகளில்தான் இந்த ஊரின் ஃபேப்ரிகேஷன் தொழில் வளர்ந்தது. பொன்மலை ரயில்வே பணிமனை அதற்கும் மூத்தது. 1920களின் கடைசியிலிருந்து அங்கே இரும்போடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆக, வெல்டருக்கும் தகடு வளைக்கிறவனுக்கும் இங்கே பஞ்சமே இல்லை. ஆனாலும் வீட்டுக் கூரை என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் போடுகிறோம். சதுரப் பைப்பில் ஃப்ரேம், மேலே கலர் ஷீட், அதன் முதுகில் வரிசையாக ஸ்க்ரூ. உறையூரிலிருந்து திருவெறும்பூர் வரை எந்த மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தாலும் இதுதான்.

ஆயிரம் சதுர அடிக் கூரைக்குக் குறைந்தது முந்நூறு ஸ்க்ரூ இறங்கும். அதாவது, மழையைத் தடுக்க வாங்கிய தகட்டில் நாமே முந்நூறு ஓட்டை போடுகிறோம். ஒவ்வொன்றையும் காப்பது ஸ்க்ரூ தலைக்கு அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வாசர். சித்திரை வெயிலில் அது காய்ந்து வெடிக்கும். போதாக்குறைக்குத் தகடும் சும்மா இருப்பதில்லை. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் தகடு மே மாத மத்தியானத்தில் 70 டிகிரியைத் தொடும். முப்பதடி நீள இரும்புத் தகடு அதற்குள் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அலுமினியமானால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்க்ரூவோ ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட துளை நாளடைவில் நீள்வட்டமாகிறது.

ஸ்டாண்டிங் சீம் என்கிற கூரையில் தகட்டின் முதுகில் துளையே கிடையாது. ஒன்றரை அடி அகலத் தகட்டின் இரண்டு விளிம்பும் ஒன்றரை அங்குலம் நிமிர்த்தி மடிக்கப்பட்டிருக்கும். பக்கத்துத் தகட்டின் விளிம்பு அதைக் கவ்வும். பிறகு இரண்டையும் சேர்த்து முதலில் 90 டிகிரி, அப்புறம் 180 டிகிரி மடித்து அழுத்திவிடுவோம். பழைய தகர வாளியின் பக்கவாட்டில் ஒரு மடிப்பு ஓடுமே, பற்றவைப்பு இல்லாமலே தண்ணீர் நிற்கும், அந்தக் கொக்கி மடிப்புதான் இது. கூரை மேல் நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவே. தகட்டை ஃப்ரேமோடு இணைப்பது கிளிப். அதன் அடிப்பாகம், தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் ஸ்க்ரூவால் இறுகியிருக்கும், நாக்கு மடிப்புக்குள்ளே புதைந்திருக்கும். அடுத்த தகடு வந்து மூடியதும் ஸ்க்ரூ வெளியே தெரியாது, அதன் மேல் ஒரு சொட்டு மழையும் படாது. நல்ல கிளிப் இரண்டு துண்டாக இருக்கும். கீழ்த்துண்டு நிற்க, மேல்துண்டு தகட்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். நான் மேலே சொன்ன 5 மில்லிமீட்டருக்கு இப்படித்தான் வழி விடுகிறோம்.

உலகத்துக்கு இது புதிதல்ல. செம்பிலும் ஈயத்திலும் ஐரோப்பியத் தேவாலயங்களுக்கு நூற்றாண்டுகளாக இப்படி மடித்துப் போட்டிருக்கிறார்கள். நெளி தகடுதான் பிந்தியது. 1829இல் லண்டன் துறைமுகக் கிடங்குக்காக ஹென்றி ராபின்சன் பால்மர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1837இல் பிரான்சில் சோரல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், துருவுக்கும் ஓரளவு அணை கிடைத்தது. மலிவு, சுலபம், ஆணி அடித்தால் முடிந்தது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்தச் சுலபமான முறைதான்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு ஸ்டாண்டிங் சீம் கூரை போட்டுக்கொடுத்தேன். ஸ்ரீரங்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பு குறுகல், உள்ளே போனால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று கொல்லை வரை நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். முன்கட்டு மெட்ராஸ் ஒட்டுத் தளம், அதைத் தொடவில்லை. பின்கட்டு நாட்டு ஓடு. வருஷா வருஷம் ஓடு மாற்ற வேண்டும், மாற்றத் தெரிந்த ஆளில்லை, மாற்றினாலும் குரங்கு புரட்டிவிடும். வீட்டுக்கார மாமி கடைசியில் தகட்டுக்குச் சம்மதித்தார். வேலை பாதி நடக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏம்ப்பா, ஒரு ஆணிகூடத் தெரியலையே, காத்துல பறந்துடாதோ?"

"ஸ்க்ரூ இருக்கு மாமி. தகட்டுல இல்ல, உள்ள கிளிப்புல இருக்கு."

"சிதம்பரத்துல எழுபத்திரெண்டாயிரம் ஆணி அடிச்சிருக்கா. நீ என்னடான்னா ஒண்ணுமே வேண்டாங்கற!"

மாமி சொன்னது சரிதான். சிதம்பரம் நடராஜர் கோவில் சிற்றம்பலத்தின் பொன்னோடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்பது வழிவழி வரும் கணக்கு. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் உடம்பின் நாடிகளும் அந்த எண்ணிக்கை என்பார்கள். தத்துவம் எனக்குத் தெரியாது. தகட்டுக்காரனாகச் சொன்னால், சின்னச் சின்ன ஓடாக இருப்பதால்தான் அங்கே ஆணி தாங்குகிறது. கையகல ஓடு வெயிலில் நீள்வது தலைமுடிப் பருமன்கூட இருக்காது. அதையே முப்பதடி நீளத்துக்கு ஒரே தகடாகப் போட்டு ஆணி அறைந்தால் கதை வேறு.

ஓட்டைப் பிரித்ததும் கைமரங்கள் தெரிந்தன. எல்லாம் பனை. பாதி நல்ல வைரம், இரண்டைச் செல் அரித்திருந்தது. பனங்கை எங்கேயும் நேராக இருக்காது, நாட்டு ஓடு அந்த மேடு பள்ளத்தை அனுசரித்துப் படுத்துக்கொள்ளும். தகடு அனுசரிக்காது. கீழே கால் அங்குலம் பள்ளம் இருந்தால் மேலே வெயிலில் அலையலையாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் இரும்பு பர்லினைத் தனியாகப் போட்டு, நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, மட்டம் வராத இடத்தில் தகடு முட்டுக்கொடுத்துத்தான் மேலே போனோம். நேரம் முழுக்க இதில்தான் போனது. தகடு விரிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் வேலை என்று நினைக்கிறார்கள்.

ஓடும் தகடும் காற்றுக்கு எதிரெதிர் ஆட்கள். ஓட்டுக்கூரை சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தக் கனம்தான் அதற்கு நங்கூரம். அரை மில்லிமீட்டர் தகடு 5 கிலோகூட வராது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் திருச்சிக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 47 மீட்டர், மணிக்கு 169 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 135 கிலோ அளவுக்கு வரும். 5 கிலோ தகட்டை 135 கிலோ மேலே உறிஞ்சினால் என்ன ஆகும்? ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் கூடுதல். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்த அளவுக்குப் போகாது. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்ததே, மறந்துவிட முடியுமா? பறந்த ஷீட்டுகளைப் பார்த்தால் பாடம் புரியும்: ஸ்க்ரூ ஃப்ரேமிலேயே நிற்கும், தகடு மட்டும் துளையைச் சுற்றிக் கிழிந்து போயிருக்கும்.

ஆகவே கிளிப்பை நடுவில் கொஞ்சம் அகல விட்டாலும் ஓரத்திலும் மூலையிலும் நெருக்கிப் போட வேண்டும். பர்லினைச் சுவரோடு போல்ட் போட்டுக் கட்ட வேண்டும். மொட்டைமாடியில் நாலு பக்கமும் திறந்த ஷெட் போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. அங்கே காற்று மேலேயும் உறிஞ்சும், கீழேயிருந்தும் தள்ளும். கைப்பிடிச்சுவரின் ஒற்றைச் செங்கல் மேல் பேஸ் பிளேட் வைத்துத் தூண் நிறுத்துகிற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ!

வாட்டம் அடுத்த விஷயம். இரட்டை மடிப்புப் போட்டால் 12 அடிக்கு ஓரடி வாட்டம் தாராளம். மடிக்காமல் அழுத்திப் பூட்டுகிற ரகம் ஒன்று வருகிறது. வேலை சுளுவு, ஆனால் அதற்கு 12 அடிக்கு 3 அடியாவது சரிவு வேண்டும். எந்தப் பக்கம் வாட்டம் விடுவது என்பதில் ஸ்ரீரங்கத்தில் தகராறே வரும், பொதுச்சுவர் அப்படி. தண்ணீரை நம் முற்றத்துக்கும் கொல்லைக்கும்தான் இறக்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். ஓடு கொஞ்சம் குடித்து, கொஞ்சம் தாமதித்து விடும். தகடு அப்படியே கொட்டும். தண்ணீரை ஏந்தும் கட்டர் அதற்கேற்ற அகலம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவர் ஊறும். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு இதைவிட நல்ல கூரை கிடையாது என்பது இதன் மறுபக்கம். ரங்கநாதர் கோவிலுக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழைய வடிகால்களை மீட்டெடுத்ததும் அந்தத் திருப்பணியில் ஒரு பகுதி. கோவிலைக் கட்டியவர்கள் தண்ணீர் போகும் வழியை முதலில் யோசித்திருக்கிறார்கள்.

சுவரும் தகடும் சேரும் இடம்தான் ஒழுகும் இடம். கொத்தனாரை விட்டால் ஒரு கரண்டி சிமெண்ட் கலவையை அப்பி அடைத்துவிடுவார். ஒரு வெயிலில் அது விண்டுவிடும். அதற்குள் சிமெண்டின் ஈரம் தகட்டின் பூச்சையும் தின்றிருக்கும். சரியான முறை இது: சுண்ணாம்புச் சுவரில் காடி எடுத்து ஒரு பிளாஷிங் தகட்டைச் செருக வேண்டும், கூரைத் தகட்டின் ஓரத்தை மேலே நிமிர்த்த வேண்டும், முதலாவது இரண்டாவதன் மேல் தொங்க வேண்டும், ஒட்டக்கூடாது. சுவர் நிற்கும், கூரை நகரும். கீழே இறவாணத்திலும் இதே கதை. தகட்டின் நுனியை மடக்கி, கீழே ஓடும் பட்டையில் கொக்கியாக மாட்டி, அரை அங்குலம் இடம் விடுவோம். மேலே முகட்டில் மட்டும் இறுக்கிப் பிடித்தால், நீளுகிற நீளமெல்லாம் கீழ்ப்பக்கமாகப் போய்விடும். இரண்டு முனையையும் இறுக்கினால் மத்தியானம் கூரை 'டம் டம்' என்று பேச ஆரம்பிக்கும்.

வெட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் அதிகம் கெடுப்பது அங்கேதான். கையில் கட்டிங் வீல் இருந்தால் தகடு என்ன, எதையும் வெட்டுவார்கள். தகட்டின் மேலிருப்பது 55 சதவீதம் அலுமினியமும் 43.4 சதவீதம் துத்தநாகமும் மிச்சம் சிலிக்கனும் கலந்த மெல்லிய பூச்சு. சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம்தான். வீல் சூட்டில் வெட்டு விளிம்பின் பூச்சு கருகும்; பறக்கிற நெருப்புப் பொறி பெயிண்டில் பதிந்து, ஒரு மழைக்குள் பழுப்புப் புள்ளியாகத் துளிர்க்கும். கத்தரி, இல்லை நிப்ளர், இரண்டில் ஒன்றால்தான் வெட்ட வேண்டும். ஏ.சி. தண்ணீரைக் கூரையில் சொட்ட விடவும் கூடாது. செம்பைத் தொட்டு வரும் தண்ணீர் இந்தப் பூச்சுக்கு விஷம்.

சூடு, சத்தம் இரண்டும் எல்லோரும் கேட்பது. வெறும் தகட்டுக்குக் கீழே குடியிருக்க முடியாது. தகட்டுக்கும் உள்கூரைக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர் ராக்வூல், முகட்டில் சூடு வெளியேற இடைவெளி, தகட்டுக்கு வெள்ளை நிறம் என மூன்றும் இருந்தால் மாமி வீட்டு அடுக்களையில் மத்தியானம் நிற்கலாம், மழைச் சத்தத்தில் டிவியும் கேட்கும். கருநீலம், மரூன் என்று நிறம் கேட்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. கரண்ட் பில் அவர்களுடையது.

சோலார் போட எண்ணமிருந்தால் இந்தக் கூரைக்கு ஒரு கூடுதல் மதிப்பெண். நிமிர்ந்து நிற்கும் மடிப்பையே கிளாம்ப் கவ்விக்கொள்ளும், துளை தேவையில்லை. 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது.

எல்லா வீட்டுக்கும் இது தேவையா? இல்லை. துணி காயப்போடவும் வடாம் பிழியவும் மாடியில் நிழல் வேண்டும் என்றால் ஸ்க்ரூ அடித்த சாதா கலர் ஷீட்டே போதும். ரப்பர் வாசரை அவ்வப்போது பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கீழே ஆள் படுத்துத் தூங்கும் கூரை, கைமரம் மாற்ற முடியாத பழைய வீடு, இருபதடிக்கு மேல் நீளும் தகடு, இவற்றுக்குத்தான் கூடுதல் செலவு நியாயம். ஆனால் 'சீம் ஷீட்' என்ற பெயரில், பார்க்க அதே மாதிரி மடிப்பு வைத்து, அடியில் நகராத ஒற்றைத்துண்டு கிளிப்பைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிப்பைக் கையில் வாங்கி நகர்த்திப் பாருங்கள். தகட்டின் கனம், பூச்சு எத்தனை கிராம், ஓரத்தில் கிளிப் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.